சிவப்பு ஐசிக்காரன் பாடிய பாட்டு

பக்கிரிசாமியின் பெயர் வானொலியில் ஒரே ஒரு முறைதான் வந்தது. அதுவும் ஒரு காதல் பாட்டுக்கு முன்னால் வந்தது.

நடந்து பதினோரு வருடமாகிறது. கிள்ளானில் முடிவெட்டும் கடையில், கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியோடு அவர் உட்கார்ந்திருந்தார். மாலை நாலரை மணிக்கு நேயர் விருப்பம் ஓடிக்கொண்டிருந்தது. அறிவிப்பாளர் பெண் சிரித்த குரலில் வாசித்தாள். அடுத்த பாடலை விரும்பிக் கேட்டிருப்பவர் மேருவிலிருந்து சுகுமாறன். யாருக்காக என்றால், தாமான் செந்தோசாவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஐயா பக்கிரிசாமி, அவருடைய துணைவியார் லெட்சுமி, அன்பு மகள் மலர் ஆகியோருக்காக. அதன் பிறகு வந்ததோ, ஒருவன் ஒருத்தியின் கூந்தலுக்குள் ஆயுள் முழுக்கக் குடியிருக்க இடம் கேட்கிற பாட்டு.

கத்தரிக்கோல் நின்றுவிட்டது. பக்கத்து நாற்காலியில் முகத்தில் சோப்பு நுரையோடு இருந்த கூட்டாளி ரெங்கசாமி மட்டும் வாயைத் திறந்தார்.

“பக்கிரி, இந்த வயசுல உனக்கு யாருப்பா காதல் பாட்டு போடறது?”

கடையே சிரித்தது. பக்கிரிசாமி பாதி வெட்டிய தலையோடு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

மலரை விரும்பிய சுகுமாறன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பிறந்தநாள் என்றாலும், தீபாவளி என்றாலும், திருமண நாள் என்றாலும், இங்கே வானொலியில் வாழ்த்துச் சொல்கிறவர்கள் வீட்டுப் பெரியவர் பெயரை முதலில் சொல்லித்தான் மற்றவர்களைச் சொல்வார்கள். ஒரு பெண்ணின் பெயரைத் தனியாகச் சொன்னால் அவளுக்கு அவமரியாதை என்று நினைத்து, அவளுடைய அப்பாவை முன்னால் வைத்தான். அவனுக்குத் தெரிந்த மரியாதை அது. அறுபது வருடம் ஒரு பேச்சுக்கும் இடம் கொடுக்காமல் பக்கிரிசாமி காத்து வந்த பெயர், அந்த மரியாதையால் ஒரே மாலையில் ஊர்க்காரர்கள் தேநீர் குடிக்கும் ஒட்டுக்கடை ஒட்டுக்கடையாகப் போய்விட்டது.

அடுத்த வாரமே அவன் தன் தாயாரை அழைத்துக்கொண்டு, தட்டில் பழம் வெற்றிலையோடு மன்னிப்பும் கேட்டுப் பெண்ணும் கேட்க வந்தான். கல்யாண விருந்துகளில் இசைக்குழுவோடு பாடுகிறவன். பகலில் லோரிப் பட்டறையில் வேலை. பக்கிரிசாமி அவன் தொழிலைக் கேட்கவில்லை, சாதியைக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“உன் ஐசி என்ன கலர்?”

சிவப்பு. குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற அடையாள அட்டை. மேருத் தோட்டத்தில் பிறந்தவன்தான். ஆனால் அப்பா அம்மா கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லை, பிறப்புப் பத்திரத்திலும் ஏதோ குறை. மனுப் போட்டு இரண்டு முறை காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்பியிருந்தார்கள். பிறந்த மண்ணில் முப்பது வருடம் வாழ்ந்தும் அவன் மலேசியப் பிரஜை இல்லை.

பக்கிரிசாமி ரயில்வேயில் முப்பத்து நான்கு வருடம் சிக்னல் பார்த்தவர். சிவப்பு என்றால் நிற்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. பிரஜைகளுக்கு உரிய நீல ஐசியோடு வா என்றார். வந்த அன்றைக்கே முகூர்த்தம் குறிக்கிறேன், இது என் வாக்கு என்றும் சொன்னார். மலர் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். காத்திருப்பேன் என்று அவனுக்கும் சொன்னாள், அப்பாவுக்கும் சொன்னாள். அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது.

மூன்று வருடம் கழித்து அவன் மறுபடியும் வந்தான். மூன்றாவது மனுவுக்கு, தன்னை நன்றாகத் தெரிந்த, அரசாங்கத்தில் வேலை பார்த்த ஒருவர் உறுதிமொழிக் கையெழுத்துப் போட்டால் பலமாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பக்கிரிசாமி மறுத்துவிட்டார். பெண் கேட்டு வந்தவனுக்குப் பெண்ணைப் பெற்றவனே சாட்சி சொல்லி ஐசி வாங்கிக் கொடுத்தால், வேறு வழியில்லாமல் கொடுக்கிறான், உள்ளே என்னவோ நடந்திருக்கிறது என்று ஊர் பேசும். லெட்சுமி கண்ணை மூடுகிற வரைக்கும் அந்தக் கையெழுத்தைப் பற்றி அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் அசையவில்லை. மூன்றாவது மனுவும் திரும்பி வந்தது.

மலர் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீசுக்குப் போய் வந்தாள். வீட்டுக்கு வந்தால் கைப்பேசியில் காதல் பாட்டுகள் கேட்பாள். காதில் மாட்டிக்கொண்டுதான் கேட்பாள், ஆனாலும் சில நேரம் தன்னை மறந்து அவள் வாயிலிருந்து ஒரு வரி வந்துவிடும். கூடத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருக்கும் பக்கிரிசாமி தொண்டையைக் கனைப்பார். உடனே நின்றுவிடும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அந்தப் பாட்டும் அடியோடு நின்றது. மகளுக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று அவர் நினைத்தார். ரெங்கசாமியிடம் அதைப் பெருமையாகக்கூடச் சொன்னார்.

இந்த வருடம் தேர்தல் வந்தது.

லோகேஸ்வரி என்ற வழக்கறிஞர் நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வீடு வீடாக வந்தவர், பக்கிரிசாமி வீட்டிலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, சொன்னதையெல்லாம் தன் கையாலேயே எழுதிக்கொண்டு போனார். ஜெயித்தால் சிவப்பு ஐசிக்காரர்களுக்கும் ஐசியே இல்லாதவர்களுக்கும் முகாம் வைத்து, ஒவ்வொரு கோப்பையும் நாடாளுமன்றம் வரைக்கும் கொண்டுபோவதாகச் சொன்னார். ஒட்டுக்கடையில் யாரும் உடனே நம்பிவிடவில்லை. இப்படி வந்தவர்களை நிறையப் பார்த்தாயிற்று. ஜெயித்த பிறகு கார் கண்ணாடி எப்போது கருப்பாகி ஆள் மறைகிறார் என்று பார்த்துக்கொண்டே இரு, அன்றைக்குக் கணக்குத் தெரிந்துவிடும் என்றார் ரெங்கசாமி. சொன்னாரே தவிர, ஓட்டை அந்த அம்மாளுக்குத்தான் போட்டார்.

பக்கிரிசாமியைக் கலக்கியது வேறு. ஒரு சனிக்கிழமை காலை பிரச்சார லோரி தாமான் குடியிருப்புக்குள் வந்தது. எல்லாருக்கும் தெரிந்த காதல் பாட்டுகளின் மெட்டில் வேட்பாளரைப் பற்றி வரி கட்டிப் பாடிக்கொண்டு வந்தார்கள். அந்தக் குரலை அவர் உடனே கண்டுகொண்டார். ஓட்டுப் போட உரிமை இல்லாத ஒருவன், வெயிலில் லோரி மேல் நின்றுகொண்டு மற்றவர்களை ஓட்டுப் போடச் சொல்லிப் பாடினான். சமையலறையில் மலர் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு நம்பிக்கை திரும்பிவிட்டது என்று அப்பா நினைத்தார்.

லோகேஸ்வரி ஜெயித்தார். இரண்டு மாதம் ஆகியும் கார் கண்ணாடி கருப்பாகவில்லை. சொன்னபடி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபம் எடுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் முகாம் நடத்தினார். மனுப் பாரம் நிரப்ப மலர் தொண்டூழியத்துக்குப் போனாள். யாருக்காகப் போகிறாள் என்று பக்கிரிசாமிக்குத் தெரியாதா? மூன்று ஞாயிறு பொறுத்தார். எட்டு வருடத்துக்கு முன்னால் போட்டிருக்க வேண்டிய கையெழுத்து என்று நாலாவது வாரம் தனக்குத்தானே ஒத்துக்கொண்டார். அதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு மலர் கிளம்பிப் போன பிறகு, வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். ஓய்வூதிய அட்டை, நீல ஐசி, பேனா மூன்றையும் பையில் வைத்துக்கொண்டு கிள்ளானில் கொமியூட்டர் ரயில் ஏறினார். பாடாங் ஜாவா தாண்டும்போது, எந்தக் கோவிலில் வைக்கலாம் என்று யோசித்தார். மலருக்கு முப்பத்தொன்பது வயது, ஆடம்பரம் வேண்டாம், ஆனால் குறைவாகவும் இருக்கக் கூடாது. பந்தாய் டாலாம் வரும்போது அழைக்க வேண்டியவர்களின் பெயர்களை மனதில் எண்ணிக்கொண்டிருந்தார். ரெங்கசாமிக்கு முதல் பத்திரிகை. அந்த ஆள் இனி வாயைத் திறக்கட்டும் பார்ப்போம்.

மண்டபத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். தெலுக் பங்லிமா காராங்கிலிருந்தும் ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்தும் பஸ் பிடித்து வந்தவர்கள் பிளாஸ்டிக் பையில் பழைய தாள்களை வைத்துக்கொண்டு எண் கூப்பிடக் காத்திருந்தார்கள். ஓரத்து மேசையில் மலர் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே சுகுமாறன் இருந்தான். தலை முன்பக்கம் நரைத்திருந்தது. அவன் பக்கத்தில் இரண்டு வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண். அடுத்த எண்காரியாக இருக்கும் என்று பக்கிரிசாமி நினைத்தார்.

அவரைப் பார்த்ததும் சுகுமாறன் எழுந்துவிட்டான். அந்தப் பெண்ணும் எழுந்து, தன் நாற்காலியை அவருக்கு நகர்த்தி, பசியாறிட்டீங்களா ஐயா என்று கேட்டாள். மலர் மட்டும் எழவில்லை. பேனா அவள் கையில் அப்படியே நின்றது.

பக்கிரிசாமி உட்காரவில்லை. நாலு பேர் கேட்கும்படியாகவே சொன்னார். வாக்குக் கொடுத்ததும் நாலு பேர் முன்னால்தானே.

“சுகுமாறா, நான் கையெழுத்துப் போட வந்திருக்கேன். அன்னைக்கு மாட்டேன்னு சொன்னது என் தப்பு. ஆனா என் வாக்கை நான் மறக்கல. நீல ஐசி வந்த அன்னைக்கே உனக்கும் மலருக்கும் முகூர்த்தம்.”

பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். சுகுமாறன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பெண் குழந்தையைத் தோளுக்கு மாற்றி, அதன் முதுகைத் தடவ ஆரம்பித்தாள். குழந்தை அழவே இல்லை.

“அப்பா,” என்றாள் மலர். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “இவங்க உஷாராணி. அவரோட சம்சாரம்.”

அவர் மூவரையும் பார்த்தார். குழந்தைக்கு அவன் நெற்றி. காதல் பாட்டு நின்றுபோன அந்த நாள் எது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

சுகுமாறன் தாழ்ந்த குரலில் ஏதேதோ சொன்னான். அம்மா படுக்கையில் விழுந்தபோது பார்க்க ஆள் இல்லை என்றான். மலர்தான் போகச் சொன்னாள், எட்டு வருடம் போதும் என்று அவள்தான் சொன்னாள் என்றான். தேர்தலில் பாடியதுகூடக் காசுக்கு இல்லை, பிள்ளை பள்ளிக்கூடம் போவதற்குள்ளாவது தான் இந்த நாட்டு ஆளாகிவிட முடியாதா என்றுதான் என்றான். எல்லாம் பக்கிரிசாமியின் காதில் விழுந்தது. பேனாவைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கால்கூட திரும்பியது.

“அவருக்கு இப்பவும் ஒரு சாட்சி குறையுதுப்பா,” என்றாள் மலர். “வந்தது வந்துட்டீங்க. போட்டுட்டுப் போங்க.”

அவர் உட்கார்ந்தார். உஷாராணி நகர்த்தி வைத்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார். மலர் பாரத்தை அவர் பக்கம் திருப்பி, வழக்கமாக எல்லாரிடமும் கேட்கிற மாதிரி கேட்டாள். முழுப் பெயர், ஐசி எண், செய்த வேலை, எத்தனை வருடப் பழக்கம். பதினொன்று என்றார். எழுதிக்கொண்டாள். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

“மனு செய்றவருக்கு நீங்க என்ன உறவுப்பா? என்ன போடறது?”

பக்கிரிசாமி கைகளை மடிமேல் வைத்துக்கொண்டார்.

“தெரிஞ்சவர்னு போடு,” என்றார்.

கையெழுத்துப் போட்டார். ரயில்வே பதிவேட்டில் போடுகிற மாதிரி முழுக் கையெழுத்தாகவே போட்டார். புது ஒய்.பி.யான நாடாளுமன்ற உறுப்பினர் லோகேஸ்வரி மேசை மேசையாக வந்துகொண்டிருந்தார். கோப்பைப் புரட்டிப் பார்த்து, ஒரு தாள் குறைகிறது என்று காட்டி, அதை வாங்க எங்கே போக வேண்டும் என்றும் சொன்னார். தானே நேரில் கொண்டுபோய்க் கொடுப்பேன், ஆனால் கிடைத்துவிடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். அதுவே போதும் ஒய்.பி. என்றாள் உஷாராணி. நம்பவும் பயந்து, நம்பாமல் இருக்கவும் முடியாத முகம் அவளுக்கு. சுகுமாறன் பக்கிரிசாமியின் காலைத் தொடக் குனிந்தான். அவர் தடுக்கவில்லை. குழந்தையின் தலையில் கையை வைத்து எடுத்தார்.

மலர் வாசல் வரைக்கும் அவரோடு வந்தாள். வெளியே வெயில் ஏறியிருந்தது.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா, நான் அப்பவே சொன்னேன் பாத்தியான்னு கேட்டிருப்பீங்கப்பா,” என்றாள். “அதைக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல.”

இல்லை என்று சொல்ல அவர் வாயெடுத்தார். ஆனால் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். அப்படித்தான் கேட்டிருப்பார். அந்தச் சொற்களில்தான் கேட்டிருப்பார். ரெங்கசாமியிடமும் போய்ச் சொல்லியிருப்பார்.

குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடுங்கள், நான் வர நாலு மணியாகும் என்று சொல்லிவிட்டு மலர் உள்ளே போனாள்.

ஸ்டேஷன் பக்கம் திரும்பியவர் மறுபடி நின்றார். வாசலை ஒட்டியிருந்த அவளுடைய மேசையில் இப்போது மாரியாயி என்ற ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். மலர் பிறந்த தேதியைக் கேட்டாள். கிழவிக்குத் தெரியவில்லை, மழைக்காலம் என்றாள். எந்த வருடத்து மழை, யாருக்காவது ஞாபகம் இருக்குமா, உங்களோடு பிறந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று மலர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கிழவி யோசிக்கும்வரை காத்திருந்தாள். பக்கிரிசாமி வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.