அச்சாபீஸில் சொல்லாத சொல்

அந்தச் சனிக்கிழமை ஐந்தாம் வகுப்பு அறையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: டீச்சர் இசைவாணி, லேபிள் அச்சாபீஸ் தனுஷ்கோடி, தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்த வேலுத்தாய், லாரி காளீஸ்வரன், மானாவாரியில் மக்காச்சோளம் போட்டிருந்த பெத்தணன், பேப்பர் ஏஜெண்ட் ராம்குமார், பிறகு வகுப்புப் பிள்ளைகள். பிள்ளைகளில் தனுஷ்கோடியின் பேத்தி பிரீத்திகாவும், வேலுத்தாயின் மகன் மாரிக்கண்ணனும் உண்டு. வேறு யாரும் இல்லை. ‘நானும் அங்கனதான் இருந்தேன்’ என்று பின்னால் சிவகாசி பஜாரில் சொல்லித் திரிந்தவர்கள் அந்த அறையின் படியைக்கூட மிதித்தவர்கள் இல்லை.

தனுஷ்கோடி பிள்ளைகளின் பெஞ்சில் உட்காரவில்லை. அந்தக் கட்டடத்துக்கு அஸ்திவாரக் கல் வைத்தவர் அவருடைய அப்பா. அந்த வீட்டுக்காரர் யாரும் பள்ளிக்கூடத்துக்குள் முதுகை வளைத்து உட்கார்ந்ததில்லை. வெள்ளைச் சட்டையில் பேத்தி குத்திவிட்ட அட்டையோடு நின்றுகொண்டே இருந்தார். ‘அச்சு’ என்று அவள் கையால் எழுதிய அட்டை. பெத்தணன் நெஞ்சில் விவசாயம், காளீஸ்வரன் நெஞ்சில் போக்குவரத்து, வேலுத்தாய் சேலையில் பட்டாசு, ராம்குமார் சட்டையில் காகிதம். பெரியவர்கள் கிடைக்காத தொழில்களைப் பிள்ளைகளே ஏந்திக்கொண்டார்கள். மாரிக்கண்ணன் மின்சாரம். பிரீத்திகா துறைமுகம்.

உலகத்துத் தொழில்கள் ஒன்றையொன்று எப்படித் தாங்கி நிற்கின்றன என்பதுதான் பாடம். போன வருஷம் இசைவாணி இதையே படமாக வரையச் சொல்லியிருந்தாள். பட்டாசு வீட்டுப் பிள்ளை பட்டாசை நடுவில் வைத்தது, அச்சாபீஸ் வீட்டுப் பிள்ளை அச்சை நடுவில் வைத்தது, லாரி வீட்டுப் பிள்ளை தாள் முழுக்க லாரியை வரைந்துவிட்டு மற்றதுக்கெல்லாம் இடமில்லை என்றது. ஆகவே இந்த வருஷம் வேறு வழி கண்டுபிடித்திருந்தாள். குண்டு வெடிக்குச் சுற்றும் சணல் நூலில் ஒரு கண்டு வாங்கிவரச் செய்து, எல்லாரையும் வட்டமாக நிறுத்தினாள்.

“நீங்க யாருக்கு என்ன குடுக்கீகன்னு சொல்லக் கூடாது. அதைச் சொன்னா இன்னைக்கி முடியாது. யாரு இல்லாட்டி உங்க தொழில் நிக்கும்? அதை மட்டும் சொல்லணும். சொல்லிட்டு, நூலைப் பிடிச்சுக்கிட்டு கண்டை அவுககிட்டக் குடுக்கணும்.”

நிக்கும் என்ற சொல் காதில் விழுந்ததுமே தனுஷ்கோடிக்கு முகம் இறுகியது.

அது அவருடைய அச்சாபீஸில் யாரும் வாயெடுத்துச் சொல்லாத சொல். விளக்கை அணை என்று சொல்லாமல் அமர்த்து என்று சொல்கிற வீடு அது. பேப்பர் தீர்ந்துபோனால் ‘பெருகிருச்சு’ என்பார்கள். பெல்ட் அறுந்தாலும், மை காய்ந்தாலும், பண்டிகைக்குப் பூட்டினாலும் மிஷின் ‘இளைப்பாறுது’. புதிதாக வேலைக்கு வந்த பையன் ஒருவன் வாய் தவறி “மிஷின் நின்னுருச்சு அண்ணாச்சி” என்றபோது, தனுஷ்கோடி அவனை வெளியே அனுப்பி முகம் கழுவிவிட்டு வரச் சொன்னார். இதை மூடநம்பிக்கை என்று நினைக்கிறவர்களுக்கு பஜாரைத் தெரியாது. சீசன் நேரத்தில் ஓர் அச்சாபீஸ் நின்றுவிட்டது என்று டீக்கடையில் ஒரு வார்த்தை விழுந்தால் போதும்; மறுநாளே ஆர்டர் அடுத்த தெருவுக்குப் போய்விடும். அப்புறம் மிஷின் உண்மையாகவே நிற்கும். மூன்று தலைமுறையாகக் காத்த பெயர் அது.

அதிலும் எதிரே ராம்குமார் நின்றுகொண்டிருந்தான். ஊரிலுள்ள அச்சாபீஸ் எல்லாவற்றிலும் ஏறி இறங்குகிறவன். பேப்பர் ரீமோடு செய்தியையும் சேர்த்தே இறக்குவான்.

பெத்தணன் ஆரம்பித்தார். “லாரி வரலேன்னா என் சோளம் களத்துலயே கெடந்து முளைச்சுப்போகும். சம்சாரி பொழப்பு நிக்கும்.” கண்டு காளீஸ்வரனிடம் போனது.

“வேலுத்தாயக்கா பெட்டி கட்டி அனுப்பலேன்னா எனக்கு லோடு இல்ல. வண்டி நிக்கும். வண்டி மட்டுமா? பைனான்ஸ்காரனும் வாசல்ல வந்து நிப்பான்” என்றான் காளீஸ்வரன். பிள்ளைகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

வேலுத்தாய் கண்டை வாங்கி, நூலை விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். “லேபிள் வரலேன்னா பெட்டிக்குள்ள இருக்கது சங்குசக்கரமா புஸ்வாணமான்னு எந்தச் சாமிக்குத் தெரியும்? எங்க கம்பெனி நிக்கும்.” கண்டைத் தனுஷ்கோடியிடம் நீட்டினாள். “பிடிங்க மொதலாளி.”

பிடித்தார். ராம்குமார் கழுத்தை ஒரு சாய்ப்புச் சாய்த்துக்கொண்டான்.

“எங்க அச்சாபீஸ்...” என்று தொடங்கித் தொண்டையைச் செருமினார். “பேப்பர் வரலேன்னா கொஞ்சம் இளைப்பாறும்.”

“இளைப்பாறும்னா லீவா தாத்தா?” என்றது ஒரு குட்டி.

“நிக்கும்னு சொல்லணும், அண்ணாச்சி. அதான் விளையாட்டு” என்றான் ராம்குமார், ரொம்ப உதவி செய்கிறவன்போல.

“எங்க மிஷினு அப்படியெல்லாம் ஆகாது.”

வேலுத்தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். “மொதலாளி மிஷினுக்கு யாரும் வேண்டாம் டீச்சர். நாங்க ஒட்டாட்டியும் அது பாட்டுக்கு லேபிள அடிச்சு அடிச்சுத் தெருவுல பறக்க விடுமாக்கும்.”

இசைவாணிக்குச் சங்கடமாகிவிட்டது. “பரவால்ல, ஐயாவுக்குக் கஷ்டமா இருந்தா அடுத்தவுகளுக்குப் போவோம்” என்றாள். அந்தப் ‘பரவால்ல’தான் தனுஷ்கோடியை அதிகமாகச் சுட்டது. அந்த வீட்டுக்காரருக்கு யாரும் சலுகை தந்ததில்லை.

அடுத்து யாருக்குப் போவது? கண்டு அவர் கையில் இருக்கிறது. அவர் யாரையும் சொல்லாமல் அது நகர வழியில்லை. இதை முதலில் கண்டுபிடித்தவன் மாரிக்கண்ணன். மின்சார அட்டையை ஆட்டிக்கொண்டு கத்தினான்: “டீச்சர், நூலு இந்தத் தாத்தாகிட்ட வந்து நின்னுருச்சு!”

“ஏலே, வாய மூடு” என்று வேலுத்தாய் அதட்டினாள். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

தனுஷ்கோடி பேத்தியைப் பார்த்தார். துறைமுகம் என்ற அட்டையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு பிரீத்திகா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் முழுக்க வகுப்பில் ‘எங்க தாத்தாதான் பெரிய தொழில்’ என்று சொல்லிவைத்தவள். கல் வைத்தவர் மகன் கைக்குள் வந்து பாடமே முடங்கிக் கிடக்கிறது. அந்தச் சொல்லை அவர் வாயால் சொல்லவில்லை. ஆனாலும் அது அவர் தலையில்தான் வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு சின்னப் பையன் வாயால், ராம்குமார் காது கேட்க.

சொன்னால் பஜாரில் போகும். சொல்லாவிட்டாலும் போகும், வேறு மாதிரிப் போகும்: உலகத்துத் தொழில் எல்லாம் சுற்றி வந்து தனுஷ்கோடி வீட்டில் நின்றது என்று. இரண்டில் எது அவமானம் என்று அவர் யோசித்தார். யோசிக்கையில் முதுகு இன்னும் நிமிர்ந்தது. ஊரான் வாயிலிருந்து வந்தால்தான் அது அவச்சொல். தன் வாயால், தன் குரலில், தான் தேர்ந்த நேரத்தில் சொன்னால் அது வெறும் கணக்கு.

“ராம்குமாரு, நல்லாக் கேட்டுக்கோ. பெறவு மாத்திச் சொல்லப்படாது” என்றார். “உன் பேப்பர் வரலேன்னா என் மிஷின் நிக்கும்.”

அறுபத்தெட்டு வயதில் முதல் முறையாகச் சொன்னார். வானம் இடிந்து விழவில்லை. கண்டு ராம்குமார் கைக்குப் போனது. அவன் அதை மேலே அனுப்ப வாய் திறப்பதற்குள், “இரு, நான் முடிக்கல” என்று கண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“கரண்டு இல்லாட்டி நிக்கும். இந்தாலே, மின்சாரம், பிடி.” மாரிக்கண்ணன் திகைத்துப்போய் வாங்கினான். “வெளிநாட்டு மையி இறங்கலேன்னா நிக்கும். துறைமுகம் எங்கன? தலையத் தூக்கு ஆத்தா. அங்கருந்து இவன் லாரி கொண்டாரலேன்னா நிக்கும். மிஷின்ல நிக்கிற ஆளுகளுக்குச் சோறு வேணும், பெத்தணன் விதைக்கலேன்னா நிக்கும்.” ஒவ்வொரு முறையும் கண்டு போய்ப் போய்த் திரும்பி வந்தது. கடைசியில் வேலுத்தாய் பக்கம் திரும்பினார்.

“அம்புட்டும் வந்து நான் அடிச்சுக் குடுத்தாலும், ஒட்டுற கை இல்லேன்னா அது வெறும் கலர்க் காகிதம். இந்தம்மா கை நின்னா என் மிஷின் நிக்கும்.”

வேலுத்தாய் இந்த முறை சிரிக்கவில்லை. “அதுக்கென்ன மொதலாளி, ஒட்டிருவோம்” என்று மட்டும் சொல்லிவிட்டு, கண்டை வாங்கிக்கொண்டாள்.

இசைவாணி நடுவில் வந்து பார்த்தாள். மற்றவர்கள் விரலில் இரண்டு இழை, மூன்று இழை. தனுஷ்கோடியின் விரல்களில் சிலந்திக்கூடு மாதிரி நூல். பிரீத்திகா தலை நிமிர்ந்தது. “டீச்சர், எங்க தாத்தாவுக்குத்தான் நிறைய! எங்க தாத்தா தொழில்தான் நிறையவாட்டி நிக்கும்!” என்று கூவினாள். காளீஸ்வரனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “டீசலு, டயரு, சுங்கச்சாவடி, எனக்கும் இருக்கு டீச்சர், கண்டை இங்கன குடுங்க” என்றான். ராம்குமாருக்கு முறை வந்தபோது கண்டில் நூல் இல்லை.

அன்று விளக்கு வைப்பதற்குள் செய்தி பஜாருக்கு வந்து, சாத்தூர்வரை போனது. தனுஷ்கோடி அச்சாபீஸ் நின்றுவிட்டதாம், தானே பத்துப் பேர் முன்னால் ஒத்துக்கொண்டாராம், பட்டாசு ஒட்டுகிற பெண்ணிடம் கைகூப்பிக் கெஞ்சினாராம், மிஷினை ஏலத்துக்குப் பார்க்க ஆள் வருகிறதாம்.

அப்படி ஒன்றும் இல்லை. கைகூப்பவில்லை, இரண்டு கையும் நூலில் இருந்தன. ஏலத்துக்கு யாரும் வரவில்லை. மிஷின் நிற்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க அது ஓடியது. ஒரு தாளுக்கு இருபத்துநான்கு மயில் லேபிள்கள், கழுத்து நீலம் இன்னும் காயாமல், ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டே இருந்தன.