சின்னவனுக்கு ஒரு வீடு

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று முதன்முதலில் சொன்னவன் எவனோ, அவன் வாயில் வசம்பை வைத்துத்தான் தேய்க்க வேண்டும். ஊரிலிருந்து கப்பல் ஏறி வந்த நம் ஆட்கள் எதை எதையோ கடலில் தொலைத்தார்கள். இந்தப் பேச்சை மட்டும் பத்திரமாக முடிந்து கொண்டுவந்து யாங்கோனில் இறக்கிவிட்டார்கள்.

தின்கன்ஜூன் பேட்டையில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் சிவகாமசுந்தரி ரவிக்கையும் லுங்கியும் தைத்துக் கொடுத்துப் பிழைப்பவள். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். ஒரே பிள்ளை கோபிகிருஷ்ணன், பசுந்தாங் ஓடைக்கரையில் மரப்பட்டறையில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் பழைய கைலியில் எதையோ சுற்றிக்கொண்டு வந்து தையல் மிஷின் மேல் வைத்தான். கைலி மெல்ல நகர்ந்தது.

"ஐயையோ, என்னடா இது?"

"உனக்குத் துணைம்மா."

மஞ்சள் ஓடும் கறுப்புத் திட்டுமாக, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஆமை. ஊரைக் காலி செய்துகொண்டு போன சிநேகிதன் ஒருவன் கொடுத்துவிட்டானாம்.

"துணைக்கு ஆமையா? ஏன்டா, ஒரு மருமவ கெடைக்கலியா ஒனக்கு?"

சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆனால் இரண்டு பேருக்கும் விஷயம் தெரியும். பேட்டையில் பட்டாளத்துக்குச் சீட்டுக் குலுக்கியதில் அவன் பெயர் விழுந்துவிட்டது. எல்லை தாண்டி, தாய்லாந்துப் பக்கம் மேசோட்டுக்குப் போய்விடு என்று அவனை விரட்டியவளே அவள்தான். அடுத்த வாரம் கிளம்புகிறான்.

"இதெல்லாம் அம்பது, அறுவது வருசம் இருக்கும்மா. நான் வர்ற வரைக்கும் இது உங்கூட இருக்கும். எனக்காகப் பாத்துக்க."

அவள் சமையற்கட்டுக்குப் போனாள். அங்கே போய் அழுதாள். வேறு எங்கே போய் அழுவது, இருப்பது ஒரே கூடம்.

அன்றைக்கே வீடு கட்ட ஆரம்பித்தார்கள். பட்டறையிலிருந்து ப்ளைவுட் துண்டுகள் கொண்டுவந்திருந்தான். தரையில் உட்கார்ந்து அளந்து, அறுத்து, விளிம்பையெல்லாம் உப்புத்தாள் போட்டு இழைத்தான். இவ்வளவு நேர்த்தி எதற்கு, ஆமை என்ன விரலால் தடவிப் பார்க்கவா போகிறது என்று கேட்டாள். "மொகத்த ஒரசிக்கிட்டே சுத்தும்மா, சிராய்ப்பு குத்தும்" என்றான். தையல் மிஷினுக்கும் சாமி அலமாரிக்கும் நடுவில், காலை வெயில் விழும் இடமாகப் பார்த்துப் பெட்டியை வைத்தார்கள். அடியில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் மண்ணும் தேங்காய்நார்த் தூளும் கலந்து நான்கு விரல் உயரம். வெயில் விழும் மூலையில் ஒரு தட்டைக்கல். நிழல் மூலையில், ஒளிந்து தூங்க, பாதி உடைந்த மண்சட்டி. கல்லுக்கு மேலே ஒரு குண்டு பல்பு தொங்கியது.

"கரண்டு இல்லாதப்ப?"

யாங்கோனில் கரண்டு இருக்கும் நேரத்தைத்தான் கேட்க வேண்டும். கோபி தலையைச் சொறிந்தான். அவளே வழி சொன்னாள். "சுடுதண்ணிய பாட்டில்ல ஊத்தி, துணி சுத்தி வச்சுட்டாப் போச்சு. ஒன்ன நான் அப்படித்தான வளத்தேன், குளிர் மாசத்துல பொறந்தவன."

தண்ணீருக்கு ஒரு மண் தட்டு. அதில் விரற்கடை அளவுதான் ஊற்றினான்.

"பாவம்டா. ஆமையாப் பொறந்துட்டு தண்ணிக்கு இந்தக் கதியா?"

"அதுக்கு அது போதும்மா" என்றவன் பலகையில் துளை போடத் திரும்பிவிட்டான். இன்னும் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தச் சத்தத்தில் பேச்சு விட்டுப்போயிற்று.

அவன் போனான். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

வீட்டில் பேச ஆள் இல்லாமல் போனதும் அவள் ஆமையோடு பேச ஆரம்பித்தாள். சின்னவன் என்று பெயர். பெரியவன் எல்லை தாண்டப் போயிருக்கிறான், சின்னவன் சட்டிக்குள் இருக்கிறான். முருகனுக்கு வாங்கும் செம்பருத்தியில் ஒன்றைப் பெட்டிக்குள் போட்டால் கழுத்தை நீட்டி வந்து, வாயெல்லாம் சிவக்கத் தின்னும். "மெதுவா தின்னுடா, யாரும் புடுங்கல" என்பாள். மிஷினை மிதிக்கும் சத்தம் கேட்டால் சட்டியை விட்டு வெளியே வரும். அவள் எழுந்து போனால் பலகையோரமாகவே முகத்தை உரசிக்கொண்டு அவள் போன பக்கம் நடக்கும்.

போன் வரவில்லை.

ஒரு வாரம் போயிற்று. இன்னொரு வாரமும் போயிற்று. தேநீர்க் கடையில் யாரோ, எல்லைச் சாலையில் சண்டை, ஆள் ஏற்றிப்போன வண்டி ஒன்று தப்பவில்லை என்று சொன்னார்கள். எந்த வண்டி, யாருடைய வண்டி, ஒருவருக்கும் தெரியாது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தைக்க உட்கார்ந்தால் கழுத்து வைக்கிற இடத்தில் கை வைத்தாள்.

அப்போதுதான் நாத்தனார் புஷ்பலதா வந்தாள். பர்மாக்காரரைக் கட்டிக்கொண்டு ஷ்வேப்யிதாவில் இருப்பவள். நல்லவள், ஆனால் வாய் சும்மா இருக்காது. கூடத்துக்குள் கால் வைத்ததும் பெட்டியைப் பார்த்துவிட்டாள்.

"அடியே சுந்தரி! ஆமைய வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டா புள்ளையக் காணோம்னு அழுவுற? ஆமை பூந்த வீடு வெளங்குமாடி?"

"கோபி குடுத்துட்டுப் போனது மதினி."

"அவன் சின்னப்புள்ள, அவனுக்கு என்ன தெரியும்? ஒனக்கு எங்கடி போச்சு புத்தி?"

சிவகாமசுந்தரி பெட்டிக்குக் குறுக்கே நின்றுகொண்டாள். முடியாது என்றாள். புஷ்பலதா குரலை இறக்கினாள்.

"கொல்லவா சொல்றேன்? புத்தர் கோயில் கொளத்துல விட்டுரு. எங்க வீட்டுக்காரர் பக்கமெல்லாம் அப்படித்தான். ஒரு உசிர விட்டா ஒரு உசிரு நிக்கும்பாங்க. கோபி செவ்வாக்கெழமப் புள்ளதான? நாளைக்குச் செவ்வாய். வீட்டப் புடிச்சதும் போவும், புள்ளைக்குப் புண்ணியமும் சேரும்." பிறகு கேட்டாள்: "ஒனக்கு ஆமை வேணுமா, மவன் வேணுமா?"

இப்படி ஒரு கேள்வியைப் பெற்றவளிடம் கேட்கலாமா? கேட்டுவிட்டாள். பெற்ற மனம் பித்து. நமது பயமும் அவர்களது புண்ணியமும் ஒரே குளத்தில் போய் விழுந்தன.

மறுநாள் காலையில் சின்னவனைக் குளிப்பாட்டி, ஒரு செம்பருத்தி தின்னக் கொடுத்து, கூடையில் வைத்து எடுத்துப்போனாள். குளத்தில் ஆமைகள் மூக்கை நீட்டிக்கொண்டு மிதந்தன. இவ்வளவு சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே என்று அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. "விரற்கடைத் தண்ணியிலேயே கெடந்தியே, போடா, ஆசை தீர நீந்து" என்றாள். "எம்புள்ளைய எனக்குக் குடு" என்று முருகனையும் புத்தரையும் சேர்த்துக் கும்பிட்டுக் கையை விட்டாள். அது நான்கு காலையும் வேகமாக அடித்தது. சந்தோஷம் என்று நினைத்தாள். பிறகு அடியில் இறங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் போன் அடித்தது.

"அம்மா!"

அவள் அலறிய அலறலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. வழியில் போனைப் பிடுங்கிக்கொண்டார்களாம். காட்டுக்குள் கிடந்தானாம். முந்தாநாளே மேசோட் வந்துவிட்டான், இன்றைக்குத்தான் ஒருவன் போன் கொடுத்தான். சாப்பிட்டாயா, காலில் காயம் உண்டா, படுக்க இடம் உண்டா என்று கேட்டுக் கேட்டு அழுதாள்.

"ஆமை எப்படிம்மா இருக்கு?"

"அவன்தான்டா ஒன்னக் காப்பாத்தினான்!" என்றாள் பெருமையாக. "இன்னிக்குக் காலைலதான் ஒம்பேரச் சொல்லி கோயில் கொளத்துல விட்டேன். சாயங்காலமே நீ பேசிட்ட பாரு!"

அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்றாள்.

"இருக்கேன்மா." அப்புறம், "நல்லதும்மா. நல்லாருக்கும்" என்றான்.

மறுநாள் நன்றி சொல்ல ஒரு கொத்து செம்பருத்தியோடு குளத்துக்குப் போனாள். படித்துறையில் மீனுக்குப் பொரி விற்கும் பெண்ணிடம், மஞ்சள் ஓட்டு ஆமை கண்ணில் பட்டதா என்று பர்மா பாஷையில் கேட்டாள். அந்தப் பெண் சுவரோரம் கையைக் காட்டினாள். குப்பைக்கூடை பக்கத்தில், மல்லாந்து, கழுத்து நீண்டு தொங்கக் கிடந்தது சின்னவன்.

அது காட்டு ஆமை, தரையில் நடக்கிறது, நீந்தத் தெரியாது, தெரியாமல் அடிக்கடி யாராவது இப்படிக் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள் என்றாள் அந்தப் பெண். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

சிவகாமசுந்தரி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஆசை தீர நீந்து என்றேனே, பாவி, நான் சொன்னேனே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பிள்ளைக்காக என்று கொன்றாள், அந்தப் பிள்ளையோ அதற்கு முன்பே கரை சேர்ந்திருக்கிறான். அப்புறம்தான் நேற்றைய போன் நினைவுக்கு வந்தது. அந்தச் சத்தமில்லாத நேரம். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கேட்ட நிமிஷமே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் நல்லதும்மா என்றிருக்கிறான்.

அதை முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்து மாடிப்படிக்குக் கீழே, மண் இருந்த இடத்தில் புதைத்தாள்.

இரண்டு நாள் கழித்து மறுபடி போன் வந்தது. வேலை கிடைத்துவிட்டது, மரவேலைதான் என்றான். நல்லது என்றாள்.

"கொளத்துக்குப் போனியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"போனேன்யா." புடவைத் தலைப்பை வாயில் அழுத்தி எடுத்துவிட்டு, குரலைத் தெளிவாக வைத்துக்கொண்டு சொன்னாள். "பாத்தேன். மத்ததுங்களோட சேந்து என்னமா நீந்துறான் தெரியுமா! கூப்பிட்டா தலையத் தூக்கிப் பாக்குறான்."

"அப்படியாம்மா" என்றான் கோபி. அதற்குமேல் அவனால் முடியவில்லை. அவன் விம்முவது கேட்டது. எதற்கு அழுகிறாய் என்று அவள் கேட்கவில்லை. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "நல்லா நீந்துறான்யா, நல்லா நீந்துறான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.