வலிக்காத ஊசி

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கண் ஆஸ்பத்திரியில் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டு, எங்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியிலிருந்து அதுவாக வந்தது.

கையில் ஒரு புத்தகம் வைத்திருந்தேன். நான் எழுதியதுதான். பின்னட்டையில் இருக்கும் என் புகைப்படம் வெளியே தெரியும்படி பிடித்திருந்தேன். யாராவது அடையாளம் கண்டுகொண்டால் கூச்சப்படலாமே என்று. ஆனால் அந்தக் கூடத்தில் எல்லோர் கண்ணிலும் மருந்து. யாருக்கும் அட்டை தெரியவில்லை. தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்பதையே தரை துடைக்க வந்த அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டார்: "என்ன சார் புஸ்தகம்?"

"நான் எழுதினது."

"எழுதுறவரா? அப்போ நல்லா பேசுவீங்க."

"எழுதுவேன்."

"ஏதோ ஒண்ணு. எனக்கு ஒரு நாலு வரி வேணும் சார். எங்க அக்கா இன்னும் கொஞ்ச நேரத்துல பஸ்ல வந்து இறங்கும். டாக்டர் அதுகிட்ட ஒரு விஷயம் சொல்லப் போறார். அவர் சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லணும். வார்த்தை வரல."

என்னிடம் வரி கேட்டவர்கள் எல்லோரும் இதுவரை கல்யாண வாழ்த்துக்கோ, ஓய்வு பெறும் அதிகாரியின் பாராட்டு விழாவுக்கோதான் கேட்டிருக்கிறார்கள். முதல் முறையாக ஒருவருக்கு அது உண்மையிலேயே தேவைப்பட்டது. நான் கொடுத்த வரி எதுவும் உதவவில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்தத் தோல்விக்குத்தான் கதை என்று பெயர் மாற்றி உங்கள் முன் வைக்கிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

ஒளி என்பது என்ன? ஆதி மனிதன் குகையிலிருந்து தலை நீட்டிய அந்தக் கணம் முதல்

(நிறுத்திவிட்டேன். இப்படித் தொடங்கும் கதைகளில் ஒரு மனிதர் நாற்காலியில் உட்காருவதற்கே மூன்று பக்கம் ஆகிவிடும்.)

இரண்டாம் முயற்சி:

அக்காவின் விழிகள் நீர் நிறைந்த இரு குளங்களைப் போல

(அக்காவுக்குப் பிரச்சினையே விழித்திரைக்குள் நீர் கோத்துக்கொண்டதுதான். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் கொடூரம்.)

மூன்றாவது:

அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். தம்பி செல்போன் கடையில் ஸ்கிரீன் கார்டு ஒட்டினான். இருவருக்கும் சர்க்கரை. இருவருக்கும் அது கண்ணில் போய் உட்கார்ந்தது.

இது போதும். இதில் நான் எங்கேயும் தெரியவில்லை என்பது மட்டும்தான் குறை.

விழித்திரையின் நடுப்பகுதியில் வீக்கம். ஓரங்கள் தெரியும், எதை உற்றுப் பார்க்கிறோமோ அது மங்கும். இதை நான் அரைப் பக்கத்துக்கு விளக்கி வைத்திருந்தேன். தம்பி ஒரே மூச்சில் சொன்னான்: "ஸ்கிரீன் கார்டுக்கு அடியில காத்து புகுந்தா ஒரு குமிழி வரும் பாருங்க சார், அது மாதிரி. நடுவுல. எங்க திரும்பினாலும் கூடவே வரும்." அரைப் பக்கத்தையும் அடித்துவிட்டேன்.

அப்போதுதான் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். மாதம் ஒருமுறை, ஒரு கண்ணில் ஊசி. சேர்ந்தவர்களில் பாதிப்பேருக்கு உண்மையான ஊசி. மீதிப்பேருக்குப் பொய் ஊசி. அதாவது, மரத்துப்போகச் சொட்டு விட்டு, ஊசியே இல்லாத சிரிஞ்சின் முனையைக் கண்ணின் வெள்ளையில் வைத்து அழுத்துவார்கள். யாருக்கு எது என்பதைக் கணினிதான் தீர்மானிக்கும். போடுகிறவருக்குத் தெரியும், ஆனால் அவர் வாயைத் திறக்கக் கூடாது. பார்வையைச் சோதிக்கிறவருக்குத் தெரியாது.*

* இப்படி நடக்கும் என்று முன்பே சொல்லித்தான் சம்மதம் வாங்கினார்கள். பொடி எழுத்தில் நிறையப் பக்கங்கள். கண் தெரியாதவர்கள் எல்லோரும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

3

முதல் ஊசி போட்ட அன்று, ஆஸ்பத்திரி கேன்டீனில், ஆளுக்கொரு கண்ணில் பஞ்சோடு அக்காவும் தம்பியும் டீ குடித்தார்கள்.

"வலிச்சுதா அக்கா?"

"இல்லையே. எப்ப போட்டாங்கன்னே தெரியல."

"எனக்கு உயிர் போயிடுச்சு. கட்டை விரலை வெச்சு அமுக்கின மாதிரி."

"உனக்குத் தலை சீவினாலே உயிர் போகும். ஊரையே கூட்டுவ."

"அதில்ல. யோசிச்சுப் பாரு. வலிக்கலைன்னா உள்ள ஒண்ணும் போகல. உனக்கு வெறும் பிளாஸ்டிக். எனக்குத்தான் சரக்கு."

அக்கா சிரித்தாள். தம்பிக்கு அது பிடித்திருந்தது. ஒருமுறை சிரிக்க வைத்த ஜோக்கை யார்தான் சும்மா விடுவார்கள்? (எழுத்தாளர்கள் அதை வைத்தே ஏழெட்டுப் புத்தகம் போடுகிறார்கள்.) அடுத்த மாதம், "இன்னைக்கும் பிளாஸ்டிக் ஆசீர்வாதம் ஆச்சா?" என்றான். அதற்கடுத்த மாதம் டீக்கடைப் பையனிடம், "அக்காவுக்குச் சர்க்கரை மட்டுமில்ல, டீத்தூளும் இல்லாம குடு. அதுக்கு எல்லாமே சும்மாதான்" என்றான்.

இன்னொன்றும் நடந்தது. தம்பிக்குப் பார்வை தெளிந்துகொண்டே வந்தது. எழுத்துப் பலகையின் முன் நிறுத்தினால் கீழ் வரிசைவரை விறுவிறுவென்று சொன்னான். அக்காவுக்கு எந்த மாற்றமும் இல்லை. மோசமாகவில்லை, அவ்வளவுதான். ஆனால் மோசமாகாமல் இருப்பது கண்ணுக்குத் தெரிகிற விஷயமா?

மூன்றாவது ஊசியோடு அவள் நின்றுவிட்டாள்.

"நடிப்புக்கு எதுக்குடா லீவு போட்டுட்டு வரணும்? வேனுக்கு மாத்து ஆள் போட்டா அவன் குழந்தைங்களைத் தெரு மாத்தி இறக்கிவிடறான்."

ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். கெஞ்சிக்கூடப் பார்த்தார்கள். உங்களுக்குப் போட்டது உண்மையான மருந்து என்று மட்டும் அவர்களால் சொல்ல முடியவில்லை. கூப்பிட்டவர்களுக்கும் அது தெரியாது. "எனக்கு வலிக்கவே இல்லைங்க. எனக்குத் தெரியாதா?" என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

அந்தக் கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். இப்போது அதே வேனில் பின்னால் நின்றுகொண்டு குழந்தைகளை ஏற்றி இறக்குகிறாள். மாத்து ஆள் நிரந்தர ஆளாகிவிட்டான்.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு வில்லன் வேண்டியிருந்தது. ஆராய்ச்சியின் தலைமை மருத்துவரை அதற்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். தடித்த கண்ணாடி, ஈவு இரக்கமற்ற உதடு

(உதட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. விசாரித்ததில் மனிதர் நல்லவர். நோயாளிகளின் பெயரெல்லாம் ஞாபகம் வைத்திருப்பாராம். மேடையையும் மைக்கையும் கண்டால் மட்டும் கொஞ்சம் உயரமாகிவிடுவார். அதற்காக ஒருவரை வில்லன் என்றால் எங்கள் எழுத்தாளர் சங்கத்தில் ஒருவரும் மிஞ்ச மாட்டோம்.)

ஆராய்ச்சி முடிந்து நிறைவு விழா நடந்தது. வாசலில் தொங்கிய பேனரில் அவர் பெயருக்கு முன்னால் 'விழித்திரை வேந்தர்', பின்னால் 'ஒளியின் ஊற்று'. கடைசிவரை வந்துபோன நோயாளிகளுக்கு முதல் வரிசையும் ஆளுக்கொரு பூங்கொத்தும். தம்பியும் முதல் வரிசையில்.

விழாவுக்கு முன்பே அவர்கள் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, அவரவருக்கு எது என்று சொல்லிவிட்டார்கள். தம்பியிடம் சொன்ன பெண் கண்ணியமாகச் சொன்னாள்: "உங்களுக்கு ஊசி இல்லாத சிரிஞ்சு சார். நம்பணும்ல, அதனால கொஞ்சம் நல்லாவே அழுத்துவோம்."

"அப்போ நான் பலகைல படிச்சதெல்லாம்?"

"தைரியம் சார்."

இனிமேல் அவனுக்கும் உண்மையான மருந்து கிடைக்கும் என்றார்கள். அந்தக் குழப்பத்தோடுதான் பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரையில் வந்த படங்கள் அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. குரல் தெளிவாகக் கேட்டது.

"நடுவில் நிறுத்தியவர்களைப் பாருங்கள். இதோ, ஒரு பெண்மணி. மூன்று ஊசி வரையில் வீக்கம் வடிந்துகொண்டே வருகிறது. நிறுத்துகிறார். மறுபடி ஏறுகிறது. எங்கள் மருந்து வேலை செய்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஏன் நிறுத்தினீர்கள் அம்மா என்று கேட்டோம். என்ன சொன்னார் தெரியுமா? எனக்கு வலிக்கவே இல்லை, அதனால் அது பொய் ஊசி என்றார்!"

அரங்கம் சிரித்தது.

"நானும் சிரிச்சுட்டேன் சார்" என்றான் தம்பி. "பாதிச் சிரிப்புல வாய் அப்படியே நின்னுடுச்சு."

5

ஆக, சொல்வதா வேண்டாமா என்பது இங்கே கேள்வியே இல்லை. அக்காவை இன்றைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே போனால் டாக்டர் சொல்லிவிடுவார். "அவர் சொன்னா அதுல ஒரு பெருமை இருக்கும் சார். அக்கா அதைக் கேக்கக் கூடாது" என்றான். "சும்மா சிரிக்கத்தான் சொன்னேன். ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குச் சிரிக்க."

"இப்போ மருந்து போட்டா திரும்பாதா?"

"வீக்கம் வடியுமாம். செத்தது செத்ததுதானாம்."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியைக் கொடுத்தேன்: "அக்கா, காலம் நம் இருவரோடும் விளையாடிவிட்டது."

"காலம் எங்க சார் விளையாடிச்சு? நான்ல விளையாடினேன்."

"அறியாமையில் நான் உதிர்த்த ஒரு சொல்..."

"உதிர்த்தன்னா, இவன் யார் தோட்டத்துலயோ மாங்காயைத் திருடிட்டான்னு நினைச்சுக்கும். மைக்ல பேசுற மாதிரி இருக்கு சார். அக்காகிட்ட இப்படிப் பேசினா எனக்கு ஜுரமான்னு நெத்தியைத் தொட்டுப் பார்க்கும்."

வரி எடுபடாததால் முடிவுகளுக்குத் தாவினேன். எழுதி வைத்திருப்பவை இவை:

(அ) அக்கா தம்பியைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். — தம்பியே தள்ளுபடி செய்துவிட்டான்: "அக்கா கட்டிப் புடிக்கிற ஆளு இல்ல. மண்டையில ஒண்ணு வைக்கும்."

(ஆ) அக்காவுக்கு எல்லாம் முன்பே தெரியும். — எங்கள் தொழிலில் மிகவும் பிடித்த முடிவு. பாத்திரம் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு மௌனமாகப் புன்னகைத்துவிட்டால் எழுதுகிறவனுக்கு வேலை மிச்சம். அவளுக்குத் தெரியாது.

(இ) புதிய கண்டுபிடிப்பு வருகிறது, அக்கா மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிக்கிறாள், குழந்தைகள் கைதட்டுகி

(இதை ஆஸ்பத்திரியின் விழா மலருக்கு அனுப்பலாம். போடுவார்கள்.)

இதையெல்லாம் அடித்து முடித்தபோது ஒன்று உறைத்தது. ஊசியில்லாத சிரிஞ்சை வைத்து, ஏதோ உள்ளே போனதாக நீங்கள் நம்பும்படி அழுத்துவதில் நான் நிபுணன். பக்கத்திலிருந்தவனுக்குத் தேவைப்பட்டது வேறு ஏதோ ஒன்று. அது என் பையில் இல்லை.

6

லிஃப்ட் திறந்தது.

"என்னடா மூஞ்சி தொங்குது? ஊசிக்குப் பயமா?" என்று ஒரு குரல் வந்து தம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தது. என்னிடம், "உங்க உயிரை எடுத்துட்டானா சார்? வாயை மூட மாட்டான்" என்றது. நான் இல்லையில்லை என்றேன். அவள் முகத்தை வர்ணிக்க வேண்டிய இடம் இது. எனக்குத் தெரிந்தது ஒரு மஞ்சள் மங்கல் மட்டும்.

"அக்கா."

"என்ன?"

"அந்த ஊசி இருக்குல்ல..."

"எது, என் பிளாஸ்டிக்கா?" என்று சிரித்தாள்.

உள்ளிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தவளின் கையைப் பிடித்துத் தம்பி உட்கார வைத்தான். "ஒரே நிமிஷம் சிஸ்டர்" என்று உள்ளே பார்த்துச் சொன்னான். பிறகு அவளிடம் சொன்னான். நான் கொடுத்த சொல் ஒன்றுகூட அதில் இல்லை.

"உனக்குப் போட்டது நிஜ மருந்துக்கா. நான்தான் கெடுத்துட்டேன்."

இரண்டாம் முறையாக அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. பிறகு ஒன்று கேட்டாள்:

"அப்போ உனக்கு?"

இதை அவள் எந்தக் குரலில் கேட்டாள் என்று ஏழு விதமாக எழுதிப் பார்த்தேன். கோபமாக, பதறி, ஏளனமாக, வெறுமையாக, ஒவ்வொன்றுக்கும் அடுத்த வரி வேறு, அதற்கடுத்த வருடங்களும் வேறு. எனக்குக் கேட்டது என்னவோ ஒன்றுதான். அதை இங்கே எழுத மாட்டேன். என் அழுத்தம் இந்த ஒரு சொல்லின் மேலாவது விழாமல் இருக்கட்டும்.

நீங்கள் அதை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். எந்தக் குரலில் வருகிறதோ அதை வைத்துக்கொண்டு அவன் பதில் சொல்லியாக வேண்டும்.

"அப்போ உனக்கு?"