இரண்டு குழாய்க்கு ஒரே கேஸ்கெட்

பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுகிற என் வேன் எனக்குச் சோறு போடுகிறது. என் கணவருக்கும் என் அண்ணனுக்கும் அது வீம்புக்குத் தீனி போடுகிறது. வாங்கும்போது அண்ணன், இது பழைய இரும்புக்கடைக்குப் போகவேண்டிய சரக்கு, வேண்டாம் என்றார். அவர் சொன்ன ஒரே காரணத்துக்காக என் கணவர் அன்றைக்கே வாங்கினார். அதோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

போன வாரம் என்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய் விரிசல் விட்டது. ஸ்டார்ட் செய்தால் தெருவே எழுந்து உட்கார்ந்தது. காற்று உள்ளே போகிற குழாயிலும் கீறல். திங்கட்கிழமை வண்டி வராவிட்டால் பிள்ளைகளுக்கு வேறு வேன் பார்த்துக்கொள்வோம் என்று பள்ளிக்கூடத்தில் சிரித்த முகமாகச் சொல்லிவிட்டார்கள்.

இந்தக் காலத்து என்ஜின் இல்லை இது. இரண்டு குழாய்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே பக்கம் உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் சேர்த்து, என்ஜினோடு சேருமிடத்தில் கசியாமல் அடைக்க ஒரே கேஸ்கெட் தகடு. ஒன்றைக் கழற்றினால் மற்றதும் கையோடு வந்துவிடும். மாட்டுவதற்கு மேலே ஓர் ஆள், கீழே ஓர் ஆள் வேண்டும். ஆக, ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தன் பட்டறையிலிருந்து ஸ்பேனர் பையோடு வந்து வண்டிக்கு அடியில் புகுந்தார். ஃபேன் ரிப்பேர் செய்கிற என் கணவர், தனக்குத் தெரியாத மெஷினா என்று பானெட்டுக்குள் தலையை விட்டார். நடுவில் நான், தபால்காரி.

"அவர்கிட்ட சொல்லு, நடு நட்டுல கை வைக்க வேணாம்னு," என்றது வண்டியின் அடிவயிறு.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லு, எனக்கும் கண்ணு இருக்குன்னு," என்றது பானெட்.

துருப்பிடித்த நட்டுகூட எண்ணெய் விட்டதும் இளகியது. இவர்களுக்கு எந்த எண்ணெயை விடுவது?

பழைய குழாய்கள் இறங்கியதும், என்ஜின் ஓட்டைகளுக்குள் ஏதும் விழாமலிருக்க, நான் கிழித்துக் கொடுத்த தலையணை உறையைத் துண்டு துண்டாக அடைத்தார்கள். யார் எதை அடைத்தார் என்பது தபாலில் வரவில்லை. நான் டீ போட உள்ளே போனேன்.

திரும்பி வந்தால் புதுக் குழாய்கள் மாட்டி முடுக்கியாகிவிட்டது. இருவர் முகத்திலும் உலகத்தை வென்ற களை. கணவர் சாவியைப் போட்டிருந்தார். அழுக்குத் துணிகள் தரையில் கிடந்தன. உறையின் பொத்தான் வைத்த துண்டை மட்டும் காணோம்.

"பொத்தான் துணி எங்க?"

"அவர் எடுத்திருப்பார்," என்றார்கள் இருவரும்.

பாய்ந்து சாவியைப் பிடுங்கினேன். ஒரு திருகு திருகியிருந்தால் துணியும் பொத்தானும் என்ஜினுக்குள் போயிருக்கும். என் பிழைப்பு இரும்புக்கடைக்குப் போயிருக்கும்.

இருவரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தபால் கிடையாது.

அண்ணன் மறுபடி வண்டிக்கு அடியில் புகுந்தார். அங்கிருந்து குரல் வந்தது. "மாப்ள... மேல் நட்டைத் தளர்த்துங்க."

கணவர் பானெட்டுக்குள் குனிந்தார். "குழாயைத் தாங்கிக்குங்க, மச்சான்."

துணி வந்தது, பொத்தானோடு. ஒருமுறை முடுக்கிய கேஸ்கெட் மறுபடி உதவாது; நல்லவேளை, இந்த வண்டியை நம்பாத அண்ணன் இரண்டாகவே வாங்கி வந்திருந்தார். இருட்டுவதற்குள் என்ஜின் சத்தமில்லாமல் ஓடியது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

கணவர் அந்தத் துணியைத் தூக்கிக் காட்டினார். "பாருங்க மச்சான், கொடுத்தவ எண்ணித் திருப்பி வாங்க வேணாமா?"

"சின்ன வயசுலேருந்தே இவ இப்படித்தான், மாப்ள."

இவர்கள் பேசிக்கொள்ள வேண்டும் என்று நான் சாமியிடம் வேண்டாத நாளில்லை. எதைப் பற்றி என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.