எம்.டி.யின் பச்சைக் கையெழுத்து

கனகவல்லிக்குக் கோபம் வந்தால் முதலில் அடி வாங்குவது பாத்திரங்கள்தான் என்பது பம்மலில் அந்தத் தெரு முழுக்கத் தெரிந்த சங்கதி. நவம்பர் ஏழாம் தேதி காலை அவள் தேய்த்த தேய்ப்பில் பதினைந்து வருஷத்துக் குக்கர் மூடி புதுசாகிவிட்டது. அடுத்த வீட்டு ரேஷ்மா, கொடியில் துணி காய்ந்துவிட்டதா என்று அரைமணி நேரத்தில் மூன்றாவது முறையாக மாடிக்கு வந்தாள். என்ன சண்டை என்று யாரையும் விசாரிக்கும் சிரமம் அவளுக்கு வரவில்லை; எல்லாம் தானாகவே காதில் விழுந்தது.

“யோவ், முந்நூறு ஷேரு! பூஜை முடிஞ்ச கையோட வித்திருந்தா ரெண்டே முக்கால் லட்சம். இன்னிக்கு வாங்க ஒரு நாதி இல்ல!”

கணவன் ஏசுபாதம் தன் ஷேர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே, “எனக்குத் தெரிஞ்ச ஷேரு இது ஒண்ணுதான். அஞ்சு பேரு ஏறினா டீசல் காசு” என்றான். சிரிக்க வைக்கப் பார்த்தான், பாவம். ஒரு கரண்டி பறந்து வந்து படிக்கட்டில் விழுந்தது.

பெருங்களத்தூர் தாண்டி நீல்வேக் என்றொரு தொழிற்சாலை. சிப் தயாரிக்கும் எந்திரங்களுக்கு, காற்றை உறிஞ்சி எடுத்த பிறகு ஒரு தூசுகூட நுழையாத எஃகுப் பெட்டிகள் செய்கிற இடம். சேம்பர் என்பார்கள். கனகவல்லி அங்கே பதினான்கு வருஷமாக ஸ்டோர்ஸ் கிளார்க். உள்ளே வரும் சரக்கெல்லாம் அவள் பதிவேட்டில் ஏறித்தான் வர வேண்டும். கம்பெனி பங்குச் சந்தைக்குப் போனபோது பழைய ஆட்களுக்கு ஆளுக்கு முந்நூறு ஷேர் கொடுத்தார்கள். அதை விற்று மகள் ஜாஸ்மினை நர்சிங்கில் சேர்ப்பதாக இருந்தாள். கல்லூரி வைத்த கெடு நவம்பர் பத்து.

விற்கவிடாமல் செய்தது ஆயுத பூஜை. பூசணிக்காய் உடைத்து முடித்து எம்.டி. லக்ஷ்மிநாராயணன் பொரி பாக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். சேலையூரில் பங்களா, வாயில் எப்போதும் தேன். கனகவல்லியின் முறை வந்ததும் பாக்கெட்டைக் கொடுக்காமல் கையை நிறுத்தினார்.

“என்ன கனகவல்லி, ஷேரை விக்கப் போறதா கேள்விப்பட்டேன்? அடுத்த வருஷம் டபுள் ஆகும்மா. என்னைப் பாருங்க, நான் ஒண்ணுகூட விக்கல. சொந்த வீட்டுக் கூரையை யாராவது பிரிச்சு விப்பாங்களா?”

எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் பொரியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினாள். இப்போது அந்தக் கையைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நவம்பர் மூன்றாம் தேதி மாலை கம்பெனி அறிவித்தது: சேம்பர்களில் கசிவாம், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஆர்டரையே ரத்து செய்துவிட்டாராம். மறுநாளிலிருந்து சந்தை திறந்த உடனே ஷேர், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் விழலாம் என்று சந்தை வைத்த அடிமட்டத்துக்கு விழுந்து அங்கேயே நின்றது. விற்க ஊரே வரிசையில் நிற்க, வாங்க ஆளில்லை.

ஏழாம் தேதி பகல் கேன்டீனில், அசெம்பிளி பிரிவு வெற்றிவேல் கைப்பேசியை நீட்டினான்.

“அக்கா, இத்த பாரு. எக்ஸ்சேஞ்ச் வெப்சைட்டுல கீது. நம்ம எம்.டி. எட்டு லட்சம் ஷேர வித்துகீறாரு. செப்டம்பர் இருவத்திமூணு.”

“பூஜைக்கு ஒரு வாரம் முன்னாடியேவா? காரணம் இன்னா போட்டுகீது?”

“குடும்பத் தேவை.”

“அப்ப என்னுது இன்னா, ஊர்த் தேவையா?”

விற்ற இரண்டே நாளில் ஊரறியச் சொல்லிவிட வேண்டும் என்பது சட்டம். மனிதர் சட்டப்படி சொல்லியிருக்கிறார். யார் வீட்டில் என்ன மீன் என்று வாசனையிலேயே சொல்லும் பம்மலில், ஒருவருக்குக்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

“ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. லீக்காவுதுன்னு மேனேஜ்மென்ட்டுக்கே அக்டோபர் இருவதுலதான் தெரியும்னு பேப்பர்ல குடுத்துகீறாங்க. முன்னாடியே தெரிஞ்சு வித்திருந்தாதான் குத்தம்.”

கனகவல்லி டம்ளரைக் கீழே வைத்தாள். சோறு பாதியில் நிற்க, எழுந்து நேராக ஸ்டோர்ஸுக்கு நடந்தாள்.

அவள் நினைவில் ஓடியது செப்டம்பர் பதினெட்டு. திரும்பி வந்த சரக்கோடு ஒரு லாரி. அதிகாரி ஒருவரின் கையெழுத்து இல்லாமல் அப்படிச் சரக்கை அவள் உள்ளே விடமாட்டாள். அன்றைக்கு ஸ்டோர்ஸ் மேனேஜர் லீவு. லாரி கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் எம்.டி.யின் கார், பத்து நிமிஷமாக ஹாரன். கடைசியில் அவரே இறங்கி வந்தார்.

“பதினோரு சேம்பர் சார், லீக்குன்னு திருப்பி அனுப்சிகீறாங்க. கையெழுத்து வோணும்.”

வெடுக்கென்று பதிவேட்டைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார். பச்சை மை. அரசாங்க அதிகாரி என்று நினைப்பு. தேதியும் நேரமும் எழுதச் சொன்னாள். கார் உள்ளே போக வேண்டிய அவசரத்தில் அதையும் எழுதினார்: செப்டம்பர் 18, காலை மணி 9.10.

இப்போது புரட்டிப் பார்த்தாள்; பக்கம் அப்படியே இருந்தது. வெற்றிவேலைக் கூப்பிட்டு நாலு படம் எடுக்கச் சொன்னாள்.

அந்தச் சேதி எப்படித்தான் எம்.டி.யின் மாடி அறைக்குப் போனதோ, தொழிற்சாலைச் சுவருக்கும் காது உண்டு போல. மூன்று மணிக்கு, ஸ்டோர்ஸ் படியே மிதித்திராத லக்ஷ்மிநாராயணன் வந்து நின்றார்.

“கனகவல்லி, அந்தப் பழைய ரெஜிஸ்டர் ஆடிட்டுக்கு வேணும்.” குரலைத் தாழ்த்தினார். “பொண்ணுக்குப் பத்தாம் தேதி கடைசியாமே? ஃபுல் ஃபீஸும் நான் பாத்துக்கறேன்மா. உங்க பொண்ணு என் பொண்ணு மாதிரி.”

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, வெள்ளைக் கோட்டில் ஜாஸ்மின் அவள் கண்முன் நின்றாள். அந்த ஒரு நொடிக்காகவும் சேர்த்து இவர்மேல் கோபம் வந்தது.

“எடுத்துக்கோங்க சார்” என்று மேசைமேல் பதிவேட்டை வைத்தாள். பக்கத்திலேயே இன்னொன்றை விரித்தாள். வெளியே போகும் சரக்குக்கான பதிவேடு. “ஸ்டோர்ஸ்லேர்ந்து இன்னா வெளில போனாலும் இதுல ஏத்தணும். இன்வர்டு ரெஜிஸ்டர், ஒண்ணு. வாங்கினவரு, எம்.டி. நீங்கதான் கையெழுத்து போடணும். காரணம் இன்னா போடட்டும் சார்? குடும்பத் தேவைன்னே எழுதிடட்டுமா?”

அவர் கை சட்டைப்பை வரை போனது. பேனா வெளியே வரவில்லை. வாசலில் வெற்றிவேலும் இன்னும் ஆறேழு பேரும் நின்றிருந்தார்கள். யாரும் கை தட்டவில்லை. அவர் வெறுங்கையோடு படி இறங்கினார்.

மறுநாள் கனகவல்லி தாம்பரம் தபால் நிலையத்தில் வரிசையில் நின்று, அந்தப் பக்கத்தின் நகலை மும்பையிலிருந்து பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். பத்தாம் தேதி ஜாஸ்மினின் இடம் வேறு யாருக்கோ போனது.

“அவரு தர்றேன்னாரே, வாங்கினு வந்திருக்கலாம்ல?” என்றாள் மகள், அழுது வீங்கிய முகத்தோடு.

“வாங்கினா உள்ள வந்த சரக்குன்னு எழுதணும்டி. இன்னான்னு எழுதுவேன்?”

கனகவல்லி குக்கர் மூடியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். மாடியில் ரேஷ்மா, காய்ந்த துணியையே மறுபடி உதறிக் காயப்போட்டாள்.