ஜீப்புக்காரர் எண்ணில் இரண்டு மாயக்காள்

நவம்பர் 18, செவ்வாய். இன்று காலை இரண்டு மாயக்காள்களை ஒருத்தியாக்கிவிட்டேன். அது எனக்கு உறைத்தது மாலை ஏழு மணிக்கு.

இவ்வளவு எழுதியதும் ஷாஜியா நோட்டை மூடிவிட்டாள். கம்பத்தில் வாழைக்காய் மண்டியின் மாடியில் நடக்கும் கணினி வகுப்பு அது. ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருந்தால் கண்டுபிடிப்பது எப்படி என்று சார் நடத்திக்கொண்டிருந்தார்.

"போன் நம்பர் ஒண்ணா இருந்தா மட்டும் பத்தாது. வேற விவரமும் ஒத்து வரணும்."

சார் சொன்ன இந்த வார்த்தைதான் அவளை எழுத வைத்தது.

பகலில் அவளுக்குச் சுகாதார நிலையத்தில் வேலை. பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்ற வேண்டும். அளவுகோலை வைத்து வரிவரியாகப் பார்ப்பாள். ஏற்றிய பிறகும் சந்தேகம் போகாது. காலையில் திரை ஒரு கேள்வி கேட்டது. பெயர் ஒன்று, ஊர் ஒன்று, போன் எண்ணும் ஒன்று; இருவரும் ஒருவர்தானா? இரண்டு தடவை யோசித்து, 'ஆம்' என்று அழுத்தியிருந்தாள்.

அது ஜீப் ஓட்டும் கர்ணனுடைய எண். கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகும் பெண்கள், யார் கேட்டாலும் அந்த எண்ணைத்தான் சொல்வார்கள். விடியுமுன் ஏறிப்போய் இருட்டிய பிறகு இறங்குகிறவர்களுக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து மாத்திரைப் பொட்டலம் வருவதும் அவர் கையில்தான்.

ஒரு மாயக்காளுக்கு ரத்த அழுத்தம், மற்றவளுக்குச் சர்க்கரை. இன்று இரண்டு மாத்திரையும் ஒரே பொட்டலத்தில் போய்விட்டன. சர்க்கரை இல்லாதவள் அதை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு ஏலச்சரிவில் நின்றால் மயங்கி விழலாம்.

நாளைக் காலையில் யாருக்கும் தெரியாமல் திருத்திவிடலாமே என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்கே கூசிப்போய், மாடிப்படியில் நின்று நர்ஸ் பவானியை அழைத்தாள்.

"அக்கா, ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

பவானி முழுவதும் கேட்டாள். "அழுகைய அப்புறம் வச்சுக்க. கர்ணண்ணனையும் லைன்ல சேத்துக்க."

"எந்த மாயக்காளு பாப்பா?" என்றார் கர்ணன். "ஒரு பொட்டலந்தான் வந்துச்சு. மேலத்தெரு மாயக்காகிட்ட குடுத்துட்டு இப்பத்தான் கிளம்புறேன்."

மேலத்தெருக்காரிக்கு ரத்த அழுத்தம் மட்டும்தான். விஷயத்தைச் சொன்னதும் கர்ணன் ஜீப்பைத் திருப்பினார். சற்று நேரத்தில் அவர் போன் வீடியோவில் மாயக்காளின் முகம் வந்தது. வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

"யக்கா, மாத்திரைய முழுங்கிட்டீகளா?" என்று கேட்டாள் ஷாஜியா.

"சாப்பிட்டுட்டுப் போடணும்னு டாக்டரம்மா சொன்னாக. இப்பத்தான் வட்டில்ல கை வச்சிருக்கேன்."

ஷாஜியா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பவானி ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் கேமராவுக்குக் கிட்டக் காட்டச் சொல்லி, மருந்தின் பெயரைப் படித்துப் பிரித்தாள். "இந்த அட்டை உங்களுது இல்ல. கீழத்தெரு மாயக்காவோடது. உங்க ரெண்டு பேரையும் கம்ப்யூட்டர்ல ஒரே ஆளா சேத்துப்புட்டோம்."

"நான்தான் சேத்தேன்" என்றாள் ஷாஜியா.

மாயக்காள் சிரித்தாள். "எங்களையா? தண்ணிக் குழாயில சண்டை வந்ததுலருந்து ஒரே ஜீப்புல போனாலும் பேச்சுக் கிடையாது. ஊரே சேந்து சேத்து வைக்க முடியல, நீ ஒத்தை விரல்ல சேத்துட்டியே ஆத்தா."

"அட்டையக் குடு, நான் கொண்டு போறேன்" என்றார் கர்ணன்.

"வேணாம். நானே போறேன்."

போனும் அவள் கையோடு போனது. திரையில் தெருவிளக்கும் சுவரும் ஆடின. கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"ஏ மாயக்கா, உன் மாத்திரை என் வீட்டுக்கு வந்துருச்சுடி. பிடி."

உள்ளே தாழ்ப்பாள் விலகியது. பிறகு, "வாசல்ல நின்னு கத்தாம உள்ள வா" என்று கேட்டது.

கீழத்தெருக்காரி கைக்குப் போன மாத்திரையையும் திரையில் ஒரு தடவை பார்த்துவிட்டு, பவானி ஷாஜியாவிடம் கேட்டாள். "கர்ணண்ணன் நம்பர்ல இன்னும் எத்தனை பேரு இருக்காக?"

ஏற்றிய பெயர்களைக் குறித்துவைத்த பக்கத்தை ஷாஜியா நோட்டில் புரட்டினாள். "பதினாலு பேரு, அக்கா."

"இது எங்க வீட்டுல தெரிஞ்சா எனக்குச் சோறு கிடைக்காது" என்றார் கர்ணன்.

வகுப்பு முடிந்து சார் விளக்கை அணைக்குமுன், ஷாஜியா முன்பு எழுதத் தொடங்கியதன் கீழே எழுதி முடித்தாள்:

பவானி அக்கா திட்டவில்லை. நாளை திட்டலாம். நாளை: காலை ஐந்து மணிக்கு ஜீப் நிற்கும் இடத்துக்குப் போக வேண்டும். பதினான்கு பேரிடமும் கணவர் பெயர், தெரு, பிறந்த ஆண்டு கேட்டு எழுத வேண்டும். எட்டு மணிக்கு மாயக்காள்களைப் பிரிக்க வேண்டும்.