நீலம் மாறாத குழாய்

மதியம் இரண்டேகால் ஆகியும் தங்கமாரியின் சோதனைக்குழாயில் நீலம் அப்படியே இருந்தது. பக்கத்து மேசையில் சக்திகுமாரின் குழாய் பத்தே நிமிடத்தில் நீலம் வடிந்து வெறும் இளம்பச்சை ஆகிவிட்டிருந்தது. அவன் அளவுகளை எழுதிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். மற்ற இருவரும் கிளம்பியாயிற்று. அவள் விளக்கைக் குழாயின் பக்கம் இன்னும் ஓர் அங்குலம் நகர்த்திப் பார்த்தாள். பிரயோசனமில்லை.

ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி இருந்த அந்தக் கல்லூரியில் மூன்று வருட ஆராய்ச்சிக்கு ஓர் ஆள் எடுத்தார்கள். இலையின் பசுங்கணிகத்துக்குள் கால்சியம் எப்படி நுழைகிறது, எப்போது வெளியேறுகிறது என்று பார்க்கும் வேலை. எழுத்துத் தேர்வில் தேறிய நான்கு பேருக்கு அன்று செய்முறைத் தேர்வு. பாலக்கீரையை அரைத்து, வடிகட்டி, பசுங்கணிகங்களைப் பிரித்தெடுத்துக் கழுவி, நீலச் சாயம் கலந்து வெளிச்சத்தில் வைக்க வேண்டும். அவை வெளிச்சத்தைக் கொண்டு தண்ணீரைப் பிளந்தால் நீலம் மறையும். கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகள் செய்கிற சோதனைதான்.

தங்கமாரி தாவரவியலில் எம்.எஸ்சி. முடித்து மூன்று வருடமாகிறது. கோவில்பட்டியிலிருந்து வந்து, ஒரு செல்போன் கம்பெனியில் மின்சுற்றுப் பலகைகளைச் சோதிக்கும் லைனில் நின்றாள். அங்கே பிளஸ் டூ பெண்களைத்தான் எடுத்தார்கள் என்பதால் பட்டத்தை மறைத்தே சேர்ந்திருந்தாள். பென்னலூரில் ஓர் அறையில் அவளோடு ஐந்து பேர். அவர்களில் கனகலட்சுமி ஒருத்திக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். கம்பெனியில் ஒப்பந்தம் புதுப்பிக்கும் கையெழுத்துக்கு அன்று மாலை நாலு மணி கடைசி நேரம். மூன்றேகால் பஸ்ஸைப் பிடித்தால் போய்விடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தாள்.

மேசையைத் துடைக்க வந்த ஆய்வகப் பணியாளர் முனியம்மாள் அவளைப் பார்த்து நின்றாள். "இன்னாம்மா, அல்லாரும் பூட்டாங்க. நீ இன்னும் அதையே பாத்துகினு கீற?"

"கலர் மாறலக்கா."

"மாறலன்னா இன்னொரு வாட்டி செய்யேன். கீரை நெறைய கீது."

புதிதாகச் செய்தால் வந்துவிடும். அது அவளுக்கும் தெரியும். ஆனால் மூன்று வருடப் பழக்கம் விடவில்லை. லைனில் ஒரு பலகை கெட்டால் அதை ஓரமாகப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பவர்கள் உண்டு. அவள் எடுக்க மாட்டாள். எங்கே கெட்டது என்று தெரியாமல் அடுத்ததைத் தொட்டால், அதுவும் அதே இடத்தில் கெடும். காலையிலிருந்து செய்ததை ஒவ்வொன்றாக மனதில் பின்னோக்கி ஓட்டினாள். கீரை சரி. பனிக்கட்டி சரி. சாயம் எல்லாருக்கும் ஒன்றே. கழுவிய திரவம்?

எழுந்து போய் அலமாரியில் பார்த்தாள். ஒரே மாதிரி இரண்டு பாட்டில்கள். அவள் எடுத்தது வேறெதற்கோ கரைத்து வைத்த அடர்த்தியான உப்புக் கரைசல். சீட்டில் தெளிவாகத்தான் எழுதியிருந்தது. அவள்தான் படிக்கவில்லை. அதிலேயே விளக்கடியில் அரைமணி நேரம் ஊறவும் விட்டிருந்தாள்.

ஒரு நிமிடம் காது சூடானது. பிறகு மெல்ல ஒரு சந்தோஷம் வந்தது. தண்ணீரைப் பிளக்கிற அந்த இடத்தில் நான்கு மாங்கனீசும் ஒரே ஒரு கால்சியமும் இருக்கின்றன. அதைச் சுற்றிக் காவலுக்குச் சில சின்னப் புரதங்கள். கடும் உப்பு காவலை உரித்துவிடும். கால்சியம் நழுவிப் போகும். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, அந்த ஒன்று இல்லாமல் எதுவும் ஓடாது. அப்படியென்றால், அந்த ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால்?

பேராசிரியை அற்புதமேரியின் அறைக்கதவைத் தட்டினாள்.

"மேடம், தப்பு என்னுதுதான். உப்புக் கரைசல்ல கழுவிட்டேன்."

அற்புதமேரி கண்ணாடியைக் கழற்றினார். "லேபிள் படிக்கலயா?"

"படிக்கல."

"சரி, பரவால்ல. எழுதிக் குடுத்துட்டுக் கெளம்பும்மா. வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் சொல்லிடுவோம்."

"அரைமணி நேரம் குடுங்க மேடம். கால்சியம் குளோரைடு போட்டுப் பாக்கணும். அதே அளவு குளோரைடு வர்ற மாதிரி இன்னொரு குழாய்ல வெறும் சோடியம் குளோரைடு. ரெண்டுல எது மாறுதுன்னு தெரியணும்."

அற்புதமேரி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "மார்க் மாறாது."

"தெரியும் மேடம்."

பச்சையைச் சாதாரணக் கரைசலில் மறுபடி கழுவி, மூன்று குழாய்களில் சமமாகப் பிரித்தாள். ஒன்றில் எதுவும் சேர்க்கவில்லை. மற்ற இரண்டில் கால்சியம் குளோரைடும் சோடியம் குளோரைடும் தனித்தனியே விட்டு, மூன்றிலும் சாயம் கலந்தாள். பையில் செல்போன் அதிர்ந்தது.

"ஏட்டி, எங்க இருக்க?" கனகலட்சுமியின் குரல். "நாலு மணிக்கு மேல ஒரு நிமிசம் ஆனாலும் வாங்க மாட்டாகளாம். உன் பேர ரெண்டு தடவ கூப்பிட்டாச்சு."

"இங்கன ஒரு வேல பாதியில நிக்கி."

"அவுக உன்ன எடுத்துட்டாகளா?"

"இல்ல. எடுக்க மாட்டாகன்னுதான் நெனைக்கேன்."

"பெறவு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு?"

தங்கமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்து. இப்போது ஓடினால் பஸ் கிடைக்கும். ஜன்னலுக்கு வெளியே கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாலையில் திரும்பின. "நான் வரல கனகு," என்றாள். "நீ கையெழுத்துப் போட்டுரு." போனை அணைத்து உள்ளே வைத்தாள். நிம்மதியாக இருந்தது. பயமும் இருந்தது. ஆனால் அது அவளை உட்கார விடாத பயமாக இல்லை.

விளக்கைப் போட்டாள். ஐந்து நிமிடம். பத்து. முதல் குழாய் நீலம். சோடியம் குழாய் நீலம். கால்சியம் குழாயில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, நீலத்துக்குள் ஒரு பச்சை கலங்கி எழுவதுபோல் இருந்தது. கண்ணின் மயக்கமோ என்று சந்தேகப்பட்டு, நிறத்தை அளக்கும் அளவுமானியில் வைத்தாள். எண் இறங்கியிருந்தது. கால்மணி நேரம் கழித்து இன்னும் இறங்கியது. முழுதாக இல்லை, சக்திகுமாரின் குழாயில் பாதிகூட இல்லை. ஆனால் இறங்கிக்கொண்டே இருந்தது.

"மேடம்!" என்று முனியம்மாள்தான் கூப்பிட்டாள். "வந்து பாருங்கோ, இந்தப் பொண்ணுது மாறிகினு கீது."

அற்புதமேரி வந்து மூன்று குழாய்களையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தங்கமாரியின் நோட்டை வாங்கிப் படித்தார். முதல் வரியிலேயே, 'தவறான பாட்டில், என் பிழை' என்று எழுதியிருந்தது.

"நல்லாத்தான் வந்திருக்கு," என்றார்.

"ஒரு தடவ வந்தத நம்ப முடியாது மேடம். மறுபடி செய்யணும்."

"மணி என்னன்னு பாத்தியா?"

நாலு ஐந்து. தங்கமாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அற்புதமேரி நாற்காலியை இழுத்து, அவள் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்.

முனியம்மாள் உடைத்துக் கொட்டிய பனிக்கட்டிமேல் அரைக்கும் கல்வம் குளிர்ந்துகொண்டிருந்தது. தங்கமாரி கீரைக்கட்டைப் பிரித்து, தடித்த காம்புகளை ஒதுக்கி, அகன்ற ஓர் இலையை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். நரம்புகள் ஓரம்வரை ஓடின. இரண்டாகக் கிழித்துப் போட்டு அரைக்கத் தொடங்கினாள். கல்வத்தின் வெள்ளைச் சுவரில் பச்சை மெல்ல ஏறியது.